ஓயாமல் துள்ளும் நாய், பூனையை இயற்கையாக அமைதிப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நாய் இல்லாமல் அந்த வாசல் இருந்ததே இல்லை. இப்போது இரண்டு நாய்கள், ஒரு பூனை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டில் இருக்கும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் "நாயை அடக்க முடியலீங்க, மாத்திரை இல்லாம ஏதாவது வழி இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, வளர்த்துப் பழகியவன். எந்த இடத்தில் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் லேப்ரடாருக்கு ஒன்றரை வயது. ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. ஏதாவது சீக்காக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. நாய்க்கு மிகைத்துடிப்பு என்று ஒரு நோய் உண்மையிலேயே உண்டு, ஆனால் அபூர்வம். அது உள்ள நாய், வீடே அமைதியாக இருக்கும்போதும் படுக்காது. சும்மா நிற்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சிரைக்கும். உங்கள் நாய் மத்தியானம் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டித் தூங்குகிறதா? அப்படியென்றால் அந்தக் கவலையை விடுங்கள்.

ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். உடம்பு வளர்ந்திருக்கும், நிதானம் வந்திருக்காது. இனத்தையும் பார்க்க வேண்டும். சுட்ட பறவை தண்ணீரில் விழுந்தால் நீந்திப்போய் எடுத்து வருவதற்காக வளர்த்தெடுத்த இனம் லேப்ரடார். ஜெர்மன் ஷெப்பர்டு ஆடு மேய்க்க, ஹஸ்கி பனியில் வண்டி இழுக்க. நம்ம ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டைக்கு. இப்படிப்பட்ட ஒன்றைச் சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் வைத்து, ஆபீஸ் கிளம்பும் முன் பத்து நிமிஷம் கீழே கூட்டிப்போய் வந்தால், மிச்ச வேகமெல்லாம் சோபாவின் மேல்தான் இறங்கும். மருந்து தேடும் முன்னால், அந்த நாயின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறது, எவ்வளவு நடக்கிறது, எதை முகர்கிறது, எதைக் கடிக்கிறது, எப்போது தூங்குகிறது. கீழே நான் சொல்லும் பதிலில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

தினமும் அரை மணி நேரம் பந்து போட்டு ஓட விடுகிறேன். வீட்டுக்கு வந்தும் ஆட்டம் நிற்பதில்லையே?

பந்து விளையாட்டு நல்லதுதான். ஆனால் அது ஒன்றை மட்டும் செய்தால் நாய்க்கு மூச்சும் காலும் பலப்பட்டுக்கொண்டே போகும். இன்றைக்கு அரை மணி நேரத்தில் களைக்கிற நாய் அடுத்த மாதம் ஒரு மணி நேரம் கேட்கும். துரத்தும்போது ஏறுகிற பரபரப்பும் உடனே இறங்காது. நாயை அடங்க வைப்பது அதன் மூக்கு.

மனிதனுக்கு வாசனை பிடிக்கும் ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால் பல நாய் இனங்களுக்கு 20 கோடிக்கும் மேல். எங்கள் நாய் மணியைத் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் கூட்டிப்போகும்போது இதை நேரிலேயே பார்க்கிறேன். ஒரு கோரைப்புல் கொத்துக்குள் மூக்கை நுழைத்தானென்றால் வால் ஆடுவது நின்றுவிடும். காது பின்னால் சாயும். மூக்கு மட்டும் பொடிப்பொடியாகத் துடிக்கும். நடுவில் ஒருமுறை "புஸ்" என்று மூக்கைச் சீந்திவிட்டு மறுபடி அதே இடம். ராத்திரி அந்த வழியே கீரி போனதா, பக்கத்துத் தோட்டத்து நாய் வந்து போனதா என்று கணக்குப் பார்க்கிறான். ஒரு கொத்துக்கு இரண்டு நிமிஷம் ஆகும். நான் கயிற்றை இழுக்காமல் நிற்பேன். இப்படி இருபது நிமிஷம் போய் வந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் சுருண்டுவிடுவான். ஒரு மணி நேரம் பந்து போட்டாலும் அப்படிப் படுத்ததில்லை.

அதனால் பத்தடிக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். நடைக்குப் போகும்போது பாதி நேரமாவது நாய் போகிற வழியில் நீங்கள் போங்கள். செல்போன் பேசிக்கொண்டே இழுத்துப் போனால் அது நடையே இல்லை.

வீட்டுக்குள்ளும் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். திருப்பூரில் பனியன் வேஸ்ட் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் ரப்பர் மேட் ஒன்றை எடுத்து, துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஓட்டைக்கு ஓட்டை முடிச்சுப் போடுங்கள். அடர்ந்த புல் மாதிரி ஆகிவிடும். நாயின் உலர் தீவனத்தையோ சின்னச் சின்ன கறித் துண்டையோ அதற்குள் தூவிவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடித் தின்னும். ஒரு நிமிஷத்தில் முடிகிற சாப்பாடு கால் மணி நேரம் ஆகும். துணியை விழுங்குகிற பழக்கம் உள்ள நாய்க்கு மட்டும் இது வேண்டாம். வாசல் புல்லில் தூவி விடுங்கள், அதுவே போதும்.

சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் காய்கிற காய்ச்சல் உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் வெயில் ஏறும் முன் விடியற்காலையிலும் பொழுது இறங்கி ரோடு ஆறிய பிறகும் மட்டும் வெளியே கூட்டிப்போங்கள். தார் ரோட்டில் புறங்கையை வையுங்கள். ஐந்து எண்ணும் வரை வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொசுங்கும்.

எங்கள் தோட்டத்து நாய் பகலெல்லாம் கட்டியே கிடக்கும். அவிழ்த்தால் வெறி பிடித்த மாதிரி ஓடுகிறது. இன்னும் கொஞ்ச நாள் கட்டி வைத்தால் அடங்குமா?

அடங்காது. இன்னும் ஏறும். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

காவலுக்கு என்று வாங்கிப் பகலில் கட்டி ராத்திரி அவிழ்ப்பது நம்ம பக்கம் பழக்கம். அந்த நாயின் இடத்தில் நின்று பாருங்கள். நாலடிச் சங்கிலி. பால்காரர் வருகிறார், டிராக்டர் போகிறது, ஆடு மேய்கிறது, வேற்று நாய் வரப்பில் ஓடுகிறது. எல்லாம் கண்ணில் படுகிறது, எதையும் கிட்டப் போய் முகர முடியவில்லை. தினமும் நூறு தடவை எழுந்து, நூறு தடவை கழுத்து இறுகி உட்காருகிறது. அந்தத் தவிப்புதான் நாளடைவில் கோபமாக, ஓயாத குரைப்பாக, அவிழ்த்ததும் பாய்ச்சலாக வெளியே வருகிறது.

முடிந்தால் வேப்ப மரத்தடியில் கம்பிவலை அடித்து ஒரு பட்டி மாதிரி செய்து கொடுங்கள். உள்ளே நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். அது முடியாதென்றால் இரண்டு மரத்துக்கு நடுவே உயரத்தில் கம்பி இழுத்து, அதில் வளையம் ஓடுகிற மாதிரி கயிற்றைப் போடுங்கள். அப்புறம் காலையிலும் பொழுதோடும் இருபது இருபது நிமிஷம் கையில் பிடித்துத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். காவல் குறையாது. நிதானமாக இருக்கிற நாய்தான் எதைப் பார்த்துக் குரைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும்.

ஒறம்பறை (விருந்தாளி) வந்தால் மேலே மேலே பாய்கிறது. அதட்டினால் இன்னும் அதிகமாகிறது.

நாய்க்கு உங்கள் அதட்டலும் ஒரு கவனிப்புதான். கத்துவது, கையால் தள்ளுவது இரண்டையும் அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். பாய்ந்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைக் கட்டி, பேசாமல் நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்ட நொடியில் மெல்லிய குரலில் பேசித் தடவிக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் இதைச் செய்து, மாமா மட்டும் "வாடா செல்லம்" என்று தூக்கிக் கொஞ்சினால் ஒரு மாதம் ஆனாலும் பலிக்காது. வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜாதிக்காய், வசம்பு கொடுத்தால் தூங்கும் என்கிறார்கள். குழந்தைக்கே உரைத்துக் கொடுப்போமே?

வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) இருந்தபோது, புதிதாக வந்த குட்டி ஒன்று ராத்திரியெல்லாம் கத்தியது. இரண்டு கிலோ கூட இருக்காது. அமுச்சி பாசத்தில் அரை ஜாதிக்காயைத் தட்டிப் பாலில் கலக்கி வைத்தார். குட்டி தூங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரில் முட்டி முட்டி நடந்தது. வாய் உலர்ந்து நாக்கை நக்கிக்கொண்டே இருந்தது. கையை நெஞ்சில் வைத்தால் எண்ண முடியாத வேகம். விடிந்ததும் டாக்டரிடம் தூக்கிப் போய் டிரிப்ஸ் ஏற்றினோம். எழுந்து நிற்க மறுநாள் மாலை ஆனது. பிழைத்தது எங்கள் நல்ல காலம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் என்ற பொருளின் வேலை அது. தடுமாற்றமும் படபடப்பும் இரண்டு நாள் வரை கூட நிற்கலாம்.

வசம்பில் உள்ள பீட்டா அசரோனும் நல்லதில்லை. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கசகசாவும் வேண்டாம். அமுக்கராக் கிழங்கு, நீர்ப்பிரமி போன்றவற்றை நாய்க்குக் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எடை பார்த்து, வேறு என்ன மருந்து எடுக்கிறது என்று கேட்டு, அளவு சொல்ல வேண்டியது அவர்கள். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி நாமே கலக்கக் கூடாது. இயற்கை என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. வேலியோரத்து அரளியும் இயற்கைதான்.

வாசனைத் தைலம் தடவினால் அமைதியாகுமா?

ஊட்டிக்குப் போய் வருகிற எல்லோர் வீட்டிலும் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் இருக்கும். அதை நாய்க்கோ பூனைக்கோ தடவவே கூடாது, நக்கினால் விஷம். டீ ட்ரீ எண்ணெயும் கற்பூரமும் அப்படித்தான். பூனையின் கல்லீரலுக்கு இந்த மாதிரிப் பொருள்களைப் பிரித்து வெளியேற்றும் திறன் குறைவு. அதனால் பூனை இருக்கும் அறையில் எண்ணெய் ஆவி வைக்கும் கருவிகூட வேண்டாம். லாவெண்டர் வாசனை காரில் போகும் நாய்களின் அலைச்சலைக் கொஞ்சம் குறைத்ததாக ஆய்வு உண்டு. அதற்காக எண்ணெயை உடம்பில் ஊற்ற வேண்டியதில்லை.

சாப்பாட்டில் எதை மாற்ற வேண்டும்?

முதலில் டீயை நிறுத்துங்கள். காலையில் நாம் குடிக்கும்போது சாசரில் கொஞ்சம் ஊற்றி, ஒரு வர்க்கியை நனைத்து வைக்கிற வீடுகள் நிறைய. சின்னக் குட்டிக்கு அந்தக் காஃபீனே போதும், படபடத்துக்கொண்டு ஓடும். காப்பி இன்னும் மோசம். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினும் அதே குடும்பம். கறுப்புச் சாக்லேட்டை நாய் தின்றுவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது வெங்காயம். நம்ம வீட்டு அரிசிம்பருப்பும் பள்ளிபாளையம் சிக்கனும் சின்ன வெங்காயம் இல்லாமல் இல்லை. மிச்சத்தை நாய்க்குப் போடுகிறோம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரியும். பூனைக்கு 5 கிராமே போதும். மூன்று கிலோ பூனைக்கு அது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போட்டாலும் கெடுதல்.

உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, பூசணி, கேரட். இது போதும். வெறும் பால்சோறும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்க்கிற நாய்க்குப் புரதம் பத்தாது. வளர்ந்த நாய் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றைக் கலக்கும். வயிறு சரியில்லாத நாய் எங்கே படுக்கும்? வேளைக்கு நேரம் தவறாமல் வையுங்கள். எப்போது வரும் என்று தெரிந்த நாய் சமையலறை வாசலில் சுற்றிச் சுற்றி வராது.

செருப்பு, கதவு, வயர் எல்லாம் கடித்துக் குதறுகிறது.

கடிப்பதும் நக்குவதும் நாய் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழி. தடுக்காதீர்கள், வேறு பொருளைக் கொடுங்கள். உள்ளே குழிவாக இருக்கும் கெட்டி ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிர்ச்சோறு அடைத்து ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கோடையில் குளிர்ச்சிக்கும் ஆயிற்று, அரை மணி நேரம் ஓரிடத்தில் இருக்கும். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம். ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மூன்று மாதக் குட்டி. பொழுது சாய்ந்தால் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது, காலைக் கடிக்கிறது.

தூக்கம் பத்தவில்லை. குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருந்தால் அது எங்கே தூங்கும்? களைத்த குழந்தை அழுகிற மாதிரிதான் இதுவும். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் இரண்டு மணி நேரம் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் படுக்க விடுங்கள். வளர்ந்த நாய்க்கே 12 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வேண்டும்.

பூனை ராத்திரி இரண்டு மணிக்கு வீடெல்லாம் ஓடுகிறது. என்ன செய்வது?

பூனை விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடும் பிராணி. அதன் வழக்கம் வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம். இதை உங்கள் நேரத்துக்கு மாற்றிவிடலாம். படுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிஷம் குச்சி நுனியில் இறகு கட்டி ஆட்டி விளையாட விடுங்கள். கடைசியில் அது இறகைப் பிடிக்கட்டும். உடனே சாப்பாடு வையுங்கள். தூங்கிவிடும். விடியற்காலை எழுப்பினால் எழுந்து சாப்பாடு வைக்காதீர்கள், அதையே பழகிக்கொள்ளும்.

நம்ம வரப்பில் முளைக்கிற குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பேர் உண்டு, கேட்டிருப்பீர்கள். அந்தப் பேர் சும்மா வரவில்லை. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து வேரில் முகத்தைத் தேய்த்து உருளும். எங்கள் பூனை மண் ஒட்டிய வேரை முன்னங்காலால் அணைத்துக்கொண்டு கன்னத்தை இழுத்து இழுத்துத் தேய்க்கும், வாயில் எச்சில் வடியும், கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மல்லாந்து கிடக்கும். எல்லாப் பூனைக்கும் இப்படி ஆகாது. முகரவும் தேய்க்கவும் மட்டும் கொடுத்து, பூச்சிமருந்து அடிக்காத இடத்துச் செடியாகப் பார்த்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பூனைக்கு நூல் விளையாட்டுச் சாமான் ஆகக் கூடாது. விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

தீபாவளிக்கு நடுங்குகிறது, ஓடி ஒளிகிறது.

இது துள்ளல் இல்லை, பயம். நாய் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000-தான். ஜன்னல் இல்லாத உள்ளறையில் அதன் படுக்கையையும் நீங்கள் உடுத்திய பழைய துணியையும் போட்டு வையுங்கள். பட்டாசு தொடங்கும் முன்னாலேயே நடத்திக் கூட்டி வந்துவிடுங்கள். பழைய பனியனை நாய்க்கு மாட்டி, வயிற்றுப் பக்கம் இறுக்கமில்லாமல் ஆனால் உடம்போடு ஒட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டால் சில நாய்கள் அணைத்துப் பிடித்த மாதிரி அடங்குகின்றன. இரண்டு நாள் முன்னாலேயே மாட்டிப் பழக்குங்கள். மெல்லிய பாட்டு ஓடட்டும். மடியில் வந்து ஒண்டினால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் அதிகமாகும் என்பது தவறு. மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவரிடம் மருந்து கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே கேளுங்கள்.

கருத்தடை செய்தால் சாந்தமாகுமா?

ஊர் சுற்றுவது, மற்ற நாய் மேல் ஏறுவது, அங்கங்கே சிறுநீர் விடுவது குறையும். பொதுவான துள்ளல் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நேற்று வரை நன்றாக இருந்தது இன்று திடீரென்று மாறினால். ஓயாமல் சொறிந்தால் முதலில் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். உண்ணியை எடுத்ததுமே அடங்கிய நாய் எங்கள் வீட்டிலேயே உண்டு. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டதா என்று யோசியுங்கள். பத்து வயது தாண்டிய பூனை நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே, குட்டி மாதிரி ஓடிக் கத்துகிறதென்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். ஊரில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். சிக்கலானதற்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காரணமில்லாமல் கண்டதையும் கடிப்பது, குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது இருந்தால் கிட்டப் போகாதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது.

இதெல்லாம் செய்தால் எத்தனை நாளில் மாறும்?

முதல் வாரத்தில் இன்னும் மோசமாகும். இத்தனை நாள் பாய்ந்தால் கவனித்தார்கள், இப்போது கவனிக்கவில்லையே என்று இன்னும் உயரப் பாயும். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மணி எங்களிடம் வந்தபோது ஒரு வயது. அதற்கு முன் இருந்த இடத்தில் கட்டியே கிடந்தவன். வாளியை உருட்டுவான், காயப்போட்ட வேட்டியை இழுப்பான், கயிற்றைக் கையில் எடுத்தாலே சுற்றிச் சுற்றிக் குதிப்பான். காலையும் பொழுதோடும் வாய்க்கால் மேடு, மத்தியானம் தேடித் தின்கிற சாப்பாடு, அப்புறம் யாரும் தொடாத தூக்கம். மூன்றாவது வாரத்தில் வேட்டியை விட்டான். இரண்டரை மாதம் கழித்து ஒருநாள் நான் கயிற்றை எடுத்தபோது, வந்து உட்கார்ந்து கழுத்தைக் காட்டினான்.